மீறிய நாட்கள்

விருந்துக்கும் மருந்துக்கும் மூன்று நாள்.
சுற்றுலா விசாவுக்குத் தொண்ணூறு.
அதற்கு மேல் தங்கியவர்களுக்கு
நான் கழித்தல் கணக்குப் போடுகிறேன்
இன்ச்சோன் விமான நிலையத்தில்,
மூன்றாவது கவுண்ட்டரில், காலை ஆறிலிருந்து.

ஊலான்பாத்தர் விமானம் எட்டு ஐம்பதுக்கு.
நரன்தூயா, வயது முப்பத்தொன்று,
கண்ணாடிக்கு அடியில் பாஸ்போர்ட்டைத் தள்ளினாள்.
ரேகைக் கருவி அவளை ஏற்கவில்லை.
வலது ஆள்காட்டி விரல். மறுபடி வையுங்கள். மறுபடி.
அட்டைப்பெட்டி மடித்து மடித்து
ரேகை தேய்ந்துவிட்டதாம்.
"போச்சோனில் பெட்டிக் கம்பெனி" என்றாள்
மன்னிப்புக் கேட்கிற குரலில்.
இடது கட்டைவிரலில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

ஆயிரத்து அறுநூற்று இருபத்து மூன்று நாள்.

ஏன் தங்கினீர்கள் என்று படிவம் கேட்கும்.
பதிலுக்கு இரண்டு அங்குலக் கட்டம்.
'பணம்' என்று எழுதினால் போதும், பலரும் அப்படித்தான்.
இவள் பேனாவைப் பிடித்தபடி சொல்லிக்கொண்டே போனாள்:
முதல் வருஷம் ஏஜென்ட் கடனுக்கு.
அடுத்த வருஷம் விமானமே பறக்கவில்லை.
அப்புறம் மகள்.
போன ஜனவரி சோதனையில்
கழிவறை ஜன்னல் வழியே குதித்தான் கணவன்,
குதிகால் உடைந்தது, மாவுக்கட்டோடு அனுப்பிவிட்டார்கள்.
அதன்பின் மூன்று மாதச் சம்பளம் பாக்கி.
'அடுத்த வெள்ளி' என்றார் முதலாளி.
பதினான்கு வெள்ளிகள்.
புகார் கொடுத்திருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தேன்.
எங்கே கொடுப்பாள்,
என்னிடமா?

பிறகு இன்னொரு தாள்.
தூதரகம் கொடுத்த புதுப் பயணத்தாள்,
கண்மூடிய புகைப்படம்: சொலோங்கோ, மூன்று வயது நான்கு மாதம்.
பிறந்தது உய்ஜோங்பு மருத்துவமனை.
நுழைந்த தேதி? என்றது கணினி.
கட்டாயம் நிரப்பவும்.
எந்த எல்லையையும் தாண்டாதவளுக்கு
எந்தத் தேதியைப் போட?
ஒரு வாசல் வழியாகத்தான் வந்திருக்கிறாள்,
அங்கே எங்கள் துறைக்குக் கவுண்ட்டர் இல்லை.
மேலதிகாரி பியோவைக் கேட்டேன்.
காப்பிக் கோப்பையை இறக்காமலே சொன்னார்:
"பிறந்த தேதி போடு, தொண்ணூறு நாள் கழி."

ஆயிரத்து நூற்று இருபத்தெட்டு.
கவிழ்ந்து படுத்த நாளும், பல் முளைத்த நாளும்
இதில் அடக்கம்.

"சொலோங்கோ என்றால் வானவில்" என்றாள் தாய்.
"எங்கள் மொழியில் உங்கள் நாட்டின் பெயரும்
கிட்டத்தட்ட அதுதான்."
அந்தத் தகவலுக்குப் படிவத்தில் கட்டமில்லை.

மேஜை விளிம்பில் முளைத்தன இரண்டு கண்கள்.
"இமோ" என்று என்னைச் சித்தியாக்கிக் கூப்பிட்டாள்.
"உங்க நகத்துல இருக்கிறது ஸ்டிக்கரா?"
என் பூசான் இழுவையைவிடச் சுத்தமான கொரிய மொழி.
"எங்க போறோம்னு அம்மா சொல்லல.
உங்களுக்குத் தெரியுமா?"
"அங்கே குதிரை இருக்கும்" என்றேன்.
"எனக்குக் குதிரைன்னா பயம்."

தாய்க்கு ஐந்து ஆண்டுத் தடை.
மகளுக்கும் அதே.
அவளுடையதைக் குறைக்க ஒரு மனு உண்டு,
இரண்டாம் மாடி, ஒன்பது மணிக்குத் திறக்கும்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
நரன்தூயா பார்க்கவில்லை.

முத்திரை குத்தினேன். இரண்டு சத்தம்.
குழந்தைகள் காப்பகத்தில் பழக்கியபடி
வயிற்றில் கை கோத்து, தலை தரைநோக்க வணங்கி
"போயிட்டு வரேன்" என்றாள் சொலோங்கோ.
அதற்குப் பழகிய பதில் ஒன்றுண்டு.
தினமும் காலையில் என் மகனுக்குச் சொல்வது,
யோசிக்காமல் வந்துவிட்டது:

"போயிட்டு வா."

திரையில் ஆண்டு இன்னும் அணையவில்லை.
பியோ ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அடுத்து ஒரு தாய்லாந்துக்காரர்,
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.
நானூற்றுப் பன்னிரண்டு.